கெகல் செய்தும் கசிவு நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வயது 49. இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். நாலைந்து வருடமாக இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது. இப்போது வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பதற்குள் அவசரம் முட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பிபி மாத்திரை ஆரம்பித்த பிறகு வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. யூடியூபில் பார்த்து மூன்று மாதமாகத் தினம் நூறு தடவை, அடித்தசையைச் சுருக்கி விடும் கெகல் பயிற்சி செய்கிறேன். சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்தியும் பழகுகிறேன். பலன் இல்லை. செய்யும்போது அடியில் ஏதோ கீழே இறங்குவது போல் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பிரசவமாகி ஐந்து மாதமான என் மகளையும் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொன்னேன். தையல் போட்ட இடத்தில் வலி கூடிவிட்டது என்கிறாள். மருமகன் பக்கத்தில் வந்தாலே பயப்படுகிறாள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமான என் மாமனார் இன்னும் டயப்பரோடுதான் இருக்கிறார். அவரும் இதைச் செய்யலாமா? என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் அடிக்கடி டிராயரை நனைத்துக்கொள்கிறான், மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். இதற்கெல்லாம் பிசியோதெரபி இருக்கிறதாமே, உண்மையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உண்மைதான். நான் பார்க்கும் வேலையே அதுதான். முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும்தான் பிசியோதெரபி என்று நினைத்திருப்பவர்கள் 'இதுக்குமா?' என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. உங்கள் கடிதத்தில் எட்டு வயதிலிருந்து எழுபதை ஒட்டி வரை நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் தொந்தரவு ஒரே இடத்தில். ஆனால் கோளாறு ஆளுக்கு ஒன்று. உங்கள் மகள் அந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்திவிடட்டும். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்களைப் பார்ப்போம். இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பக்கம் திறந்த வாய். அதில் முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியது போலத் தசைகள் இருக்கின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குவது அந்தத் தூளிதான். நீங்கள் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அதே கணத்தில் தூளி மேலே எழும்பி சிறுநீர்க் குழாயை இறுக்கி மூட வேண்டும். தசையில் பலம் இல்லாவிட்டாலும் கசியும். பலம் இருந்தும் கண் சிமிட்டும் நேரம் தாமதமானாலும் கசியும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது ஒரு வரியைத்தான். 'அடியில் ஏதோ கீழே இறங்குவது போல் இருக்கிறது.' சரியாகச் செய்தால் மேலே ஏறுவது போலத்தான் இருக்க வேண்டும். இறங்குகிறது என்றால், மூன்று மாதமாக நீங்கள் தசையை இழுக்கவில்லை, முக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தினம் நூறு முறை மலச்சிக்கல்காரர் போல முக்கினால் கசிவு எப்படிக் குறையும்? இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். நாலில் ஒருவர், கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார்.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த அர்னால்ட் கெகல் ஒரு மகளிர் மருத்துவர். 1948-இல் தன் முறையை எழுதியபோது அவர் வெறும் பயிற்சியை மட்டும் சொல்லவில்லை. தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவியையும் செய்திருந்தார். பெண்கள் தாங்கள் சுருக்கும்போது முள் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே பழகினார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது பயிற்சியின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். முள்ளைக் காணோம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது காற்றுப் பிரிய வருகிறது, சத்தமில்லாமல் அடக்க வேண்டும். அப்போது ஆசனவாயை உள்ளே இழுப்பீர்கள் அல்லவா, அதை மெதுவாகச் செய்யுங்கள். பின்னாலிருந்து முன்னால் சிறுநீர் வரும் இடம் வரை இழுத்து, உள்ளுக்குள் மேலே தூக்குவது போல. யோகா வகுப்பில் மூலபந்தம் பழகியிருந்தால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. வயிறு வெளியே உப்பினால் அது முக்கல். ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போனால் சரி, வெளியே பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். பிதுங்குகிறது என்றால் தனியாகப் பழக வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

சரியாக வருகிறது என்று உறுதியானால் நூறெல்லாம் தேவையில்லை. ஒரு வேளைக்கு எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஆராய்ச்சிகளின் அடிப்படையில் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு இது. ஒவ்வொரு முறையும் முடிந்த அளவு பிடித்து வையுங்கள். ஆரம்பத்தில் மூன்று விநாடி என்றால் மூன்று, போகப் போக எட்டு பத்து வரை. பிடித்த நேரத்துக்குச் சமமாகவாவது முழுசாகத் தளர விடுங்கள். தளர்வதும் பயிற்சிதான், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் போகும்போது நிறுத்திப் பழகுவதை அடியோடு விடுங்கள். அது பையை முழுதாகக் காலி செய்யும் இயல்பைக் கெடுக்கும்.

இதோடு ஒரு சின்ன சூட்சுமம். இருமல் வரப்போகிறது, தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் தசையை இழுத்துக்கொண்டு, அப்புறம் இருமுங்கள். தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் அப்படியே. இழுத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். தாமதமாக வேலை செய்யும் தசைக்கு நேரத்தைக் கற்றுக்கொடுப்பது இதுதான். பலம் வருவதற்கு மாதங்கள் ஆகும். இந்த நேரப் பழக்கம் சிலருக்கு ஒரு வாரத்திலேயே வித்தியாசம் காட்டிவிடும்.

அந்த இருமலுக்கு வருகிறேன். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற 'ப்ரில்' என்று முடியும் பிபி மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். உங்கள் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் இருமலையும் கசிவையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாற்று மாத்திரைகள் உண்டு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இருமிக்கொண்டே தசையை வளர்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதை. அதே நாளில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலோ சிறுநீரில் தொற்று இருந்தாலோ அவசரம் வரும். அதை எந்தப் பயிற்சியாலும் ஓட்ட முடியாது.

பூட்டைத் திறப்பதற்குள் முட்டுகிறதே, அது வேறு கோளாறு. அங்கே தசை மட்டும் காரணமில்லை, மூத்திரப்பை கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஆசிரியைகள் என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது, 'ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி?' காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்து வரை போகாமல் இருப்பார்கள். அதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இடைவேளையில் காப்பி மட்டும். அடர்த்தியான சிறுநீரும் காப்பியும் பையை எரிச்சல்படுத்தும். மாலையில் வீட்டு வாசல் தெரிந்ததும் அது கத்தும். இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் உண்டு. 'எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்' என்று அரை மணிக்கு ஒரு தரம் போகிறவர்கள். அவர்கள் பை நூறு மில்லிக்கே நிறைந்துவிட்டது என்று நினைக்கப் பழகிவிடும். வளர்ந்தவர்களுக்குப் பை நானூறு ஐந்நூறு மில்லி வரை தாராளமாகக் கொள்ளும்.

மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது. பழைய அளவுக் குவளை ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடலாம். சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நான் வாங்கிப் பார்ப்பது இந்த நோட்டைத்தான், ஸ்கேனை அல்ல. நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை, நாள் முழுக்கப் பரப்பிக் குடியுங்கள். தஞ்சாவூர்க்காரரிடம் காப்பியை விடச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு வாரம் ஒரு டம்ளரோடு நிறுத்திப் பாருங்கள்.

வாசலில் அவசரம் வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் கசியும். அப்படியே நில்லுங்கள். தசையை ஐந்தாறு முறை வேகமாக இழுத்து விடுங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், கணக்கு டீச்சர் என்றால் பதின்மூன்று பதின்மூன்றாக. அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கியதும் சாவகாசமாக நடந்து போங்கள். போகும் இடைவெளி முக்கால் மணியாக இருந்தால் வாரத்துக்குக் கால் மணி வீதம் கூட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம்.

கர்ப்பப்பை விஷயம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் இருமும்போது கசிவதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது சிகிச்சை அல்ல. வேறு காரணம் இருந்தால் மருத்துவர் சொல்லட்டும். அதே சமயம் நீங்கள் சொல்லும் 'இறங்குவது போல்' என்பது பயிற்சி செய்யாத நேரத்திலும் இருக்கிறதா என்று கவனியுங்கள். சாயங்காலமானால் பாரமாக இருக்கிறதா, கழுவும்போது கையில் ஏதாவது உருண்டையாகத் தட்டுப்படுகிறதா? இருந்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். 'அடி தள்ளுது' என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான். லேசான இறக்கத்துக்குப் பயிற்சியே உதவும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் உள்ளே வைக்கிற ரப்பர் வளையம் இருக்கிறது. ஆபரேஷன் என்பது அதற்கெல்லாம் பிறகு வரும் பேச்சு. மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும், முக்கி முக்கி இருப்பதும் தூளியைத்தான் தளர்த்துகிறது. முழங்கால் வலிக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருந்தால், பாதத்துக்கு அடியில் அரை முழ உயரமுள்ள ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். குந்துகிற வாக்கு கிடைத்தாலே பாதி முக்கல் குறையும்.

இனி உங்கள் மகள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பியவள்தான். 'தினம் ஐம்பது முறை சுருக்கவும்.' பிரசவமான ஒரு இளம்பெண் ஒரு மாதம் கழித்து, உட்காரவே முடியவில்லை என்று திரும்பி வந்தாள். அவளுடைய தசை பலவீனமாக இல்லை, இறுகிக் கிடந்தது. நான் அதை இன்னும் இறுக்கியிருந்தேன். அந்தத் தாளை அன்றைக்குக் கிழித்துப் போட்டேன்.

கண்ணுக்கு நேரே கை வந்தால் இமை தானாக மூடும். தையல் போட்ட இடத்தில் வலித்த அனுபவம் உள்ள உடம்பும் அப்படித்தான். யாராவது நெருங்கினாலே அடித்தசை இறுகிவிடும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. இதோடு தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதால் உள்ளே வறட்சி இருக்கும். வலியும் பயமும் வறட்சியும் ஒன்றையொன்று வளர்க்கும். அவளுக்கு வேண்டியது சுருக்கும் பயிற்சி அல்ல, விடும் பயிற்சி. பக்கவாட்டில் படுத்து முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொண்டு, வயிறு விரிய மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கட்டும். அப்போது அடியில் தசை தானாக விரிந்து தணிவதை உணர்ந்து பார்க்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் போதும். முதலில் மகப்பேறு மருத்துவர் தையல் தழும்பைப் பார்க்க வேண்டும். ஆறிவிட்டது என்றால் தழும்பை மெல்ல நீவித் தளர்த்துவதையும், தசையை விடப் பழகுவதையும் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கற்றுக்கொடுப்பார். அதுவரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. இதை மருமகனிடம் அவளே சொல்லட்டும், நீங்கள் நடுவில் போக வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டிடம் போனால் என்ன செய்வார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். உள்ளே விரல் வைத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு, கையுறை போட்ட ஒரே விரல். அதில்தான் தசை பலவீனமா, இறுக்கமா என்று தெளிவாகத் தெரியும். ஆனால் நீங்கள் சம்மதித்தால் மட்டும். வேண்டாம் என்றால் வெளியிலிருந்து பார்த்தும், ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்தும் ஓரளவு அறியலாம். குழந்தைகளுக்கு உள்பரிசோதனை கிடையாது. துணைக்கு ஆளை வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிறுத்தச் சொல்லலாம். இதையெல்லாம் முன்கூட்டியே விளக்காமல் படுக்கச் சொல்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவிலோ சிறுநீரியல் (யூராலஜி) பிரிவிலோ, இடுப்புத்தளப் பயிற்சியில் பழகிய பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேளுங்கள். எல்லா பிசியோதெரபிஸ்டும் இதைச் செய்வதில்லை.

உங்கள் மாமனார் தாராளமாகச் செய்யலாம், அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. சிறுநீரைப் பிடித்து வைக்க ஆண்களுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. பையின் கழுத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுக்கும்போது மேல் பூட்டின் வேலை பெரும்பாலும் போய்விடுகிறது. கீழ்ப் பூட்டும் அதைச் சுற்றிய தசையும் ஒண்டியாக வேலை பழக வேண்டும். இரண்டு மாதம் என்பது ஆரம்பம்தான். மாதம் ஆக ஆகக் குறைந்து, ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரியும். ஆண்களிடம் 'ஆசனவாயைச் சுருக்குங்கள்' என்று மட்டும் சொன்னால் பின்பக்கம்தான் வேலை செய்யும். குறியை உள்ளே இழுத்துக்கொள்வது போல, விதைப்பையை மேலே தூக்குவது போல என்று சொன்னால் முன்பக்கத் தசை சரியாக வரும். கண்ணாடி முன் நின்றால் அந்த அசைவு தெரியும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் ஒரு முறை இழுத்துக்கொள்வதே அவருக்கு முதல் பாடம். மாலையில் தசை களைத்துக் கசிவு கூடினால் பயப்பட வேண்டாம். டயப்பருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம். மருமகள் வாயால் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிறுநீரில் ரத்தம், திடீரென்று சிறுநீரே வராமல் அடைப்பது, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப் போவது, அதோடு கால் பலம் இழப்பது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை மறந்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும்.

கடைசியாக அந்தப் பையன். அவன் கால்மேல் கால் போட்டு நெளிகிறானா, குதிகாலை அடியில் வைத்து உட்காருகிறானா என்று பாருங்கள். விளையாட்டு மும்முரத்திலோ பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்தோ அடக்கி அடக்கி வைக்கும் குழந்தைகள் அப்படித்தான் செய்யும். எட்டு வயதுப் பிள்ளையின் பை ஏறக்குறைய 270 மில்லிதான் கொள்ளும். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்குவது எங்கள் கணக்கு. பல குழந்தைகளுக்கு உண்மையான காரணம் மலச்சிக்கலாக இருக்கும். நிறைந்த மலக்குடல் பையை நசுக்கும். அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், தினம் போகிறானா, உள்ளாடையில் கறை இருக்கிறதா என்று. குழந்தை மருத்துவர் முதலில் அதைச் சரிசெய்வார், சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார். அப்புறம் எங்களிடம் வந்தால் சோப்புக் குமிழி ஊதவைத்து, ஊதும்போது தசையை விடச் சொல்லிக் கொடுப்போம். அவனுக்கு அது விளையாட்டுதான்.

அதற்கெல்லாம் நாளாகும். வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியதைத் திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவனைப் போய்வரச் சொல்லுங்கள், 'வருதா?' என்று கேட்காமல். மற்றவர்களுக்குத் தெரியாதிருக்க, சாக்பீஸ் எடுத்து வா, பெரிய டீச்சரிடம் நோட்டைக் கொடுத்து வா என்று அனுப்பலாம். உங்கள் மேசை டிராயரில் மாற்று டிராயர் ஒன்று இருக்கட்டும். அவன் போகிற நேரத்திலேயே நீங்களும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், டீச்சர்.